நீலப் பம்ப்பு சீக்கிரம் தீர்ந்தால்

கம்பத்திலிருந்து குமுளி போகும் ரோட்டில் எங்கள் மருந்துக்கடை. காலை ஆறு மணிக்கே ஷட்டரைத் தூக்கிவிடுவேன். ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் ஜீப்புகள் நிற்கும் நேரம் அது. வண்டன்மேடு, புளியமலை, ஆனக்கரை என்று மேலே போகிறவர்கள் வண்டியை நிறுத்திவிட்டு ஓடி வருவார்கள். தலைவலி மாத்திரை, அட்டைக்கடிக்கு ஒரு களிம்பு, அப்புறம் இளைப்புக்கு வாயில் அடிக்கும் ‘அந்த நீலப் பம்ப்பு ஒண்ணு’.

எல்லை ஊர் என்பதால் நோய்க்குக்கூட இங்கே இரண்டு மொழி. நம் ஆட்கள் ‘இளைப்பு’, ‘வீசிங்’ என்பார்கள். மலையாளிகள் ‘வலிவு’ என்பார்கள். கடைக்குப் புதிதாக வந்த பையன் ஒருவன் அதை வலிப்பு என்று எடுத்துக்கொண்டு, காக்காய்வலிப்பு மாத்திரை இருக்கும் தட்டைத் தேடிக்கொண்டிருந்தான். நல்லவேளை, நான் பக்கத்தில் இருந்தேன். அதிலிருந்து யார் எந்தப் பேரில் கேட்டாலும், ‘யாருக்கு, என்ன செய்யுது?’ என்று கேட்டுவிட்டுத்தான் கொடுப்பது.

போன வருஷம் ஆடி மாதம், சாரலும் காற்றும் அடித்துக்கொண்டிருந்தபோது, தோட்டத்தில் காய் எடுக்கப் போகும் ஒரு அக்கா வந்து பம்ப்பு கேட்டார். ஐம்பது வயது இருக்கும். முகம் பழக்கமான முகம்தான். பில் போடும்போது பார்த்தால், இரண்டு மாதத்தில் இது மூன்றாவது. ஒரு பம்ப்பில் 200 பஃப், அதாவது 200 அழுத்து. 600 பஃப்பை 60 நாளுக்குப் பங்கு போட்டால் தினம் பத்து.

“என்னக்கா, தினம் பத்துத் தடவையா அடிக்கிறீங்க?”

“எண்ணியா அடிக்கிறேன் தம்பி? மேட்டுல ஏறும்போது ரெண்டு, மூட்டை தூக்கும்போது ரெண்டு, ராத்திரி முழிச்சா ரெண்டு. அடிச்சா உடனே விட்டுருது. நல்ல மருந்து.”

நல்ல மருந்துதான். அதில் சந்தேகமே இல்லை. சிக்கல் அந்த ‘உடனே’ என்ற சொல்லில்தான் இருக்கிறது.

நீலப் பம்ப்பில் இருப்பது பெரும்பாலும் சால்பியூட்டமால். (நிறம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். நிறத்தை நம்பாமல் பேரைப் படியுங்கள்.) மூச்சுக்குழாயைச் சுற்றி இருக்கும் தசை இறுகும்போது அதைத் தளர்த்திவிடும். ஐந்து நிமிடத்துக்குள் வேலையைத் தொடங்கி, நாலு முதல் ஆறு மணி நேரம் வரை தாங்கும். ஆனால் ஆஸ்துமாவில் தசை இறுகுவது பாதிக் கதைதான். குழாயின் உள்பக்கம் வீங்கி, சளி கட்டியிருப்பது மீதிக் கதை. முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரில் நெல் போடும் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்குவது எனக்குச் சுலபம். மடையைத் திறந்துவிட்டால் தண்ணீர் வரும், சரி. வாய்க்காலில் வண்டல் ஏறிக்கொண்டே போனால்? நீலப் பம்ப்பு மடையைத் திறக்கும். தூர் வாராது. தூர் வாருவது இன்னொரு பம்ப்பு, வீக்கத்தை ஆற்றும் ஸ்டீராய்டு மருந்து உள்ளது. தினமும் எடுக்க வேண்டியது. எடுத்த உடனே ஒன்றும் தெரியாது. அதனால்தான் அதை யாரும் மதிப்பதில்லை.

அக்காவிடமும் அந்த இரண்டாவது பம்ப்பு இருந்தது. டாக்டர் எழுதிக் கொடுத்து, வாங்கி, வீட்டில் டிவி மேல் பெட்டி பிரிக்காமல் இருந்தது. “சும்மா இருக்கும்போது எதுக்குத் தம்பி அடிக்கணும்? பழகிடும்ல?” என்றார். இந்த ‘பழகிடும்’ என்ற பயம் எங்கள் பக்கம் எல்லா வீட்டிலும் உண்டு. வேடிக்கை என்னவென்றால், தினம் பத்துத் தடவை அடிக்கும் பம்ப்பு பழகிவிடும் என்று யாரும் பயப்படுவதில்லை. உண்மையில் பயப்பட வேண்டியது அதற்குத்தான். ஓயாமல் அடித்தால் அந்த மருந்துக்கு உடம்பு கொடுக்கும் பதில் மங்கிக்கொண்டே போகும். உள்ளே வீக்கமும் ஏறிக்கொண்டே போகும். ஆஸ்துமா சிகிச்சைக்கு வழிகாட்டும் ஜினா என்ற உலக அமைப்பு, 2019-ல் இருந்து, பெரியவர்களுக்கும் வளர்ந்த பிள்ளைகளுக்கும் ஆஸ்துமாவுக்கு நீலப் பம்ப்பை மட்டும் தனியாகக் கொடுக்க வேண்டாம் என்றே சொல்கிறது. வருஷத்துக்கு மூன்று பம்ப்பு அல்லது அதற்கு மேல் தீர்ந்தால், கடும் இளைப்பு வரும் ஆபத்து கூடுகிறது என்பது கணக்கு. மாதம் ஒன்று வீதம் பன்னிரண்டைத் தொட்டால் உயிருக்கே ஆபத்து கூடுகிறது. அக்கா மூன்றை இரண்டே மாதத்தில் தொட்டிருந்தார்.

இந்தப் பாடத்தை உலகம் சும்மா கற்றுக்கொள்ளவில்லை. அளந்து பீய்ச்சும் பம்ப்பு 1956-ல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. மருந்துக் கம்பெனித் தலைவர் ஒருவரின் 13 வயது மகளுக்கு ஆஸ்துமா. ‘இந்த மருந்தையும் தலைமுடிக்கு அடிக்கிற ஸ்ப்ரே மாதிரி டப்பாவில் அடைத்தால் என்னப்பா?’ என்று அவள் கேட்டதில் பிறந்த யோசனை என்பார்கள். பத்து வருஷத்துக்குள் பிரிட்டனில் ஆஸ்துமாச் சாவுகள் திடீரென்று கூடின. அப்போது புழக்கத்தில் இருந்தது ஐசோப்ரெனலின் என்ற பழைய மருந்தின் வீரியம் கூடிய பம்ப்பு. எச்சரிக்கை விட்டு, 1968-ல் டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று கட்டுப்படுத்திய காலத்தில் சாவுகளும் இறங்கின. 1970-களின் பின்பாதியில் நியூசிலாந்தில் ஃபெனோடெரால் என்ற மருந்தோடு இதே போன்ற கதை. இன்றைய சால்பியூட்டமால் அவற்றைவிடப் பாதுகாப்பானது. ஆனாலும் கடைக்காரன் என்ற முறையில், பழைய சீட்டைக் காட்டி ‘ரெண்டா குடுங்க’ என்று கேட்கும்போதெல்லாம் 1968 என் நினைவுக்கு வரும்.

சரி, அக்காவை அடித்துக் காட்டச் சொன்னேன். கடையில் இதற்கென்று மருந்தில்லாத காலிப் பம்ப்பு ஒன்று வைத்திருக்கிறேன். குலுக்கவில்லை. வாயை ஆவென்று திறந்து, சாமி படத்துக்கு ஸ்ப்ரே அடிப்பது போல தூரத்தில் பிடித்து, இரண்டு அழுத்து, உடனே வாயை மூடிக்கொண்டார். மருந்து அடித்திருந்தால் பாதி நாக்கில், மீதி காற்றில். இப்படி அடித்தால் பத்தென்ன, இருபது தடவையும் அடிக்க வேண்டியதுதான்.

நான் சொல்லிக் கொடுத்தது இவ்வளவுதான். மூடியைக் கழற்றி உள்ளே தூசி, பூச்சி ஏதும் இருக்கிறதா என்று பாருங்கள். (ஒருவருக்கு மூக்குத்தித் திருகாணி உள்ளே கிடந்தது. பையில் மூடி இல்லாமல் போட்டு வைத்ததன் பலன்.) நன்றாகக் குலுக்குங்கள். மூச்சை முழுக்க வெளியே விட்டுவிட்டு, உதட்டால் இறுகக் கவ்வி, மெதுவாக உள்ளே இழுக்கத் தொடங்கும்போது ஒரே ஒரு அழுத்து. இழுப்பது மெதுவாக, நீளமாக இருக்கட்டும். பத்து எண்ணும்வரை மூச்சைப் பிடியுங்கள். அடுத்த பஃப்புக்கு முன் அரை நிமிஷமாவது விட்டு, மறுபடி குலுக்குங்கள். கை ஒரு பக்கம், மூச்சு ஒரு பக்கம் என்று ஒத்து வரவில்லை என்றால் ஸ்பேசர் என்ற பிளாஸ்டிக் குடுவையை மாட்டிக்கொள்ளுங்கள். பிள்ளைகளுக்கும் வயசானவர்களுக்கும் அது இல்லாமல் கொடுப்பது வீண். அதைக் கழுவினால் துணியால் துடைக்காமல் தானாகக் காயவிட வேண்டும். துடைத்தால் மருந்து அதன் சுவரில் ஒட்டிக்கொள்ளும்.

பொடி மருந்துக்கு முறை நேர் எதிர். காப்ஸ்யூலை ரோட்டாஹேலரில் போட்டு உடைத்து வேகமாக, ஒரே இழுப்பாக இழுக்க வேண்டும். இழுக்கத்தான் வேண்டும், விழுங்கக் கூடாது. மாத்திரை விழுங்குவது போல மூன்று வாரம் வெந்நீரில் விழுங்கிவிட்டு, ‘இந்த மருந்து சூடு, வயித்துக்கு ஒத்துக்கல’ என்று பெட்டியைத் திருப்பிக் கொண்டுவந்த பெரியவரை நான் பார்த்திருக்கிறேன். கூடவே வாங்க வேண்டிய கருவியை அவருக்கு யாரும் கொடுக்கவே இல்லை.

பம்ப்பில் எண்ணிக்கை பூஜ்யம் காட்டிய பிறகும் புஸ் என்று சத்தம் வரும். அது வெறும் வாயு. தண்ணீரில் மிதக்கவிட்டுப் பார்ப்பதை நம்பாதீர்கள். எண்ணிக்கை காட்டாத பம்ப்பு என்றால், வாங்கிய தேதியை ஸ்கெட்ச்சில் மேலே எழுதி வைத்துக் கணக்குப் பாருங்கள். ஸ்டீராய்டு பம்ப்பு அடித்தால் வாய் கொப்பளித்துத் துப்புங்கள். இல்லாவிட்டால் நாக்கில் வெள்ளையாகப் படியும், தொண்டை கட்டும்.

நெஞ்சு படபடப்பு, கை நடுக்கம் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். சால்பியூட்டமால் எடுத்த சற்று நேரத்துக்கு அப்படி இருப்பது சகஜம். அளவு கூடினால் ரத்தத்தில் பொட்டாசியமும் இறங்கும். இதய நோய் உள்ளவர்களும் நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறவர்களும் அதை டாக்டரிடம் சொல்லியே ஆக வேண்டும். அதே மருந்து மாத்திரையாகவும் சிரப்பாகவும் வருகிறது. ‘பம்ப்பு வேண்டாம், மாத்திரை குடுங்க’ என்று கேட்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். மாத்திரையில் அளவும் அதிகம், நடுக்கமும் அதிகம், பலனும் தாமதம்.

தியோஃபிலின் வகை மாத்திரைகள் (டெரிஃபிலின் என்ற பேரில் பலருக்குத் தெரியும்) இன்னும் கவனம் வேண்டியவை. பலன் கொடுக்கும் அளவுக்கும் கெடுதல் செய்யும் அளவுக்கும் நடுவே இடைவெளி குறைவு. ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் விறகடுப்புப் புகையில் வருஷக்கணக்கில் வேலை பார்த்த ஒருவர், பீடியும் சேர்ந்து, நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் வந்து இந்த மாத்திரையில் இருந்தார். சபரிமலைக்கு மாலை போட்டுப் பீடியை விட்டார். நல்ல காரியம். ஆனால் இரண்டு வாரத்தில் குமட்டல், தூக்கமின்மை, நெஞ்சு அடித்துக்கொள்வது. பீடிப் புகை இருக்கும்வரை கல்லீரல் அந்த மருந்தை வேகமாகக் கரைத்துத் தள்ளும். புகை நின்றதும் அதே மாத்திரை உடம்பில் கூடுதலாகத் தங்கிவிட்டது. டாக்டர் அளவைக் குறைத்ததும் சரியானது. சிப்ரோஃப்ளாக்சசின், எரித்ரோமைசின் போன்ற ஆன்டிபயாடிக்குகளும் இதே போல அந்த மருந்தை உடம்பில் தங்கவைக்கும். உடம்பில் தியோஃபிலின் அளவு மீறினால் வலிப்பு வரைக்கும் போகும்.

இப்போது என் தவறு ஒன்று. ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவருக்குக் கண்ணில் நீர் அழுத்தம். எழுதிக் கொடுத்த சொட்டு மருந்தை மாதாமாதம் என்னிடம்தான் வாங்குவார். இளைப்புக்குப் பம்ப்பும் என்னிடம்தான். பம்ப்பு வாங்குவது கூடிக்கொண்டே போனது. இரண்டு மாதம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. சொட்டு மருந்து டிமோலால். கண்ணில் விட்டாலும் ரத்தத்தில் கலந்து மூச்சுக்குழாயை இறுக்கக்கூடிய மருந்து, ஆஸ்துமாக்காரருக்கு ஆகாதது. இரண்டையும் ஒரே பையில் போட்டுக் கொடுத்தது என் கைதான். கண் டாக்டரிடம் அவருக்கு இளைப்பு இருப்பது தெரியாது. இளைப்பு பார்க்கும் டாக்டரிடம் சொட்டு மருந்து தெரியாது. தெரிந்திருக்க வேண்டியவன் நான். ஒற்றைத் தலைவலிக்கும் படபடப்புக்கும் தரும் ப்ரோப்ரனோலாலும் இதே ஜாதி. சிலருக்கு ஆஸ்பிரின், டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரைகளும் இளைப்பைக் கிளப்பும்.

வீட்டுக்குள் பம்ப்பைப் பங்கு போட்டுக்கொள்வதும் நடக்கிறது. கணவருக்கு நுரையீரல் அடைப்பு நோய், மனைவிக்கு ஆஸ்துமா. இரண்டும் இளைப்புதானே என்று ஒரே மருந்து. அடைப்பு நோய்க்கு நீண்ட நேரம் தாங்கும் குழாய் விரிப்பு மருந்துதான் முதுகெலும்பு, அதைத் தனியாகவே கொடுப்பதுண்டு. ஆஸ்துமாவுக்கு ஸ்டீராய்டு துணை இல்லாமல் அதைத் தனியாக எடுப்பது ஆபத்து. அதே போல டியோட்ரோபியம், இப்ராட்ரோபியம் வகைக் குழாய் விரிப்பு மருந்துகளில், புராஸ்டேட் தொல்லை உள்ளவர்களுக்குச் சிறுநீர் கட்டலாம். மருந்தைப் பனி போலாக்கித் தரும் நெபுலைசர் மெஷினின் மாஸ்க் சரியாகப் பொருந்தாமல் இப்ராட்ரோபியம் கண்ணில் பட்டால், சிலருக்குக் கண் அழுத்தம் சட்டென்று ஏறும்.

வீட்டில் நெபுலைசர் வாங்கி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஸ்பேசரோடு ஒழுங்காக அடித்த பம்ப்பு பெரும்பாலான நேரம் அதற்குச் சமம். மெஷின் இருக்கிறதே என்று மணிக்கு ஒரு தரம் வைத்துக்கொண்டு விடியும்வரை காத்திருக்காதீர்கள்.

பேசும்போது ஒரு வாக்கியம் முடிக்க முடியவில்லை, உதடு நீலம் பாய்கிறது, விலா உள்ளே இழுக்கிறது, ஆள் சொக்குகிறார், அல்லது அடித்த மருந்து மூன்று நாலு மணி நேரம்கூடத் தாங்கவில்லை என்றால் அப்போதே கிளம்ப வேண்டும். நிமிர்த்தி உட்கார வைத்து, ஸ்பேசரில் ஒவ்வொரு பஃப்பாக 4 முதல் 10 வரை கொடுத்து, 108-க்கு அழையுங்கள். அந்த எண் மலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒன்றுதான். 20 நிமிஷத்துக்குப் பிறகும் விடவில்லை என்றால் வழியிலேயே மறுபடி கொடுக்கலாம். உங்கள் டாக்டர் வேறு அளவு எழுதிக் கொடுத்திருந்தால் அதுதான் உங்களுக்கு.

இதை அக்காவிடம் சொன்னபோது, “பம்ப்பு ஜீப்புலல்ல தம்பி இருக்கும்” என்றார். சோற்றுவாளிப் பையோடு வண்டியிலேயே விட்டுவிட்டு, காய் எடுக்க அரைக் கிலோமீட்டர் உள்ளே போய்விடுவாராம். வெயிலில் மூடிய ஜீப்புக்குள் அந்த டப்பா கிடப்பதும் நல்லதில்லை. மறுநாளே டாக்டரைப் பார்த்து, டிவி மேல் இருந்த பெட்டியைப் பிரித்தார். அதற்குப் பிறகு மார்கழிப் பனியில்தான் அடுத்த நீலப் பம்ப்பு வாங்க வந்தார். “இப்ப எங்க வச்சுக்கிறீங்க?” என்று கேட்டேன். முந்தானை முடிச்சைத் தட்டிக் காட்டிவிட்டு, ஹாரன் அடித்துக்கொண்டிருந்த ஜீப்பில் போய் ஏறிக்கொண்டார்.