தாய்மரத்தைப் பார்த்தாயிற்று, பக்கத்து மரத்தைப் பார்த்தீர்களா?

நேரான தண்டு, நோயில்லை, காய்ப்பும் நன்றாக இருக்கிறது. "சரி, இதிலேயே விதை எடுத்துவிடலாம்" என்று முடிவாகிவிடும். ஆனால் அந்த விதையின் மரபில் பாதி, மகரந்தம் தந்த மரத்துடையது. அது எங்கே நிற்கிறது, எந்த இனம் என்று யாரும் பார்ப்பதில்லை. நாற்றங்கால்களுக்கு ஆலோசனை சொல்லும் வேலையில் நான் திரும்பத் திரும்பக் காணும் குறை இதுதான்.

நெருங்கிய உறவுள்ள இனங்கள் அருகருகே நின்று ஒரே சமயத்தில் பூத்தால் கலப்பு நடக்கலாம். 1970களின் தொடக்கத்தில் மலேசியாவின் சபாவில், நட்டு வளர்த்த மாஞ்சியம் (அக்கேசியா வகை மரம்) மரங்களுக்கிடையே இப்படிப் பிறந்தவை கண்ணில் பட்டன. ஒரு பக்கம் மாஞ்சியம், இன்னொரு பக்கம் அதன் உறவான அக்கேசியா ஆரிக்குலிஃபார்மிஸ். பிற்பாடு வியட்நாமில் இந்தக் கலப்பினமே பெருந்தோட்டப் பயிராகிவிட்டது.

நாற்றுப் பையிலேயே இதை ஓரளவு அடையாளம் காணலாம். இளங்கன்று முதலில் சிற்றிலைகள் கொண்ட கூட்டிலை விடும். அப்புறம் காம்பு தட்டையாக அகன்று, அதுவே இலையின் வேலையைச் செய்யத் தொடங்கும். ஆரிக்குலிஃபார்மிஸில் இந்த மாற்றம் சீக்கிரம் வரும், மாஞ்சியத்தில் தாமதமாகும், கலப்பினம் இடைப்பட்டது. ஒரே நாளில் விதைத்த மாஞ்சியம் பாத்தியில் சில கன்றுகள் மட்டும் முந்திக்கொண்டால் கலப்பு இருக்கிறதா என்று பாருங்கள்.

முதல் தலைமுறைக் கலப்பினம் பல சமயம் துடிப்பாக வளரும். சிக்கல் அடுத்த தலைமுறையில்தான். அதன் விதையை நட்டால் மரபணுக்கள் பிரிந்து, ஒரு மரம் ஓங்கும், ஒன்று கோணும், ஒன்று குன்றும். அதனால்தான் தண்டுத் துண்டுகளை வேர்விடச் செய்து குளோன்களாக, அதாவது ஒரே மரத்தின் மரபு மாறாத நகல்களாக, நடுகிறார்கள். அதிலும் ஒரே குளோனை நம்புவது ஆபத்து. ஒன்றுக்கு வரும் நோய் தோப்பு முழுவதற்கும் வரும்.

கலப்பே கெட்டது என்று நினைத்துவிட வேண்டாம். ஐரோப்பாவில் இரண்டு ஓக் இனங்கள் காலங்காலமாகக் கலந்துவருகின்றன. இலையின் பச்சை நிறம் இருக்கும் நுண்ணுறுப்பான பசுங்கணிகத்தில், தாய்வழியே வரும் டிஎன்ஏவைப் பார்த்தால், ஒரே காட்டில் நிற்கும் இரண்டுக்கும் பெரும்பாலும் ஒரே வகைதான். அப்படியும் இரண்டும் தனித்தனி இனங்களாகவே நீடிக்கின்றன. எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்பு தீரவில்லை.

விதையை ஒரே மரத்தில் எடுக்காமல், தள்ளித் தள்ளி நிற்கும் பல மரங்களில் எடுங்கள். விதைப்பையில் கட்டும் சீட்டில் பெயர், இடம், தேதியோடு, சுற்றுவட்டத்தில் உறவினங்கள் பூக்கின்றனவா என்றும் ஒரு வரி எழுதுங்கள். நாற்று வாங்குபவரும் அதைக் கேட்டு வாங்கலாம்.