ரோட்டிலேயே பேசி முடித்துவிடாதீர்கள்: விபத்து இழப்பீடு பற்றி வேலூர்க்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது

பள்ளிகொண்டா சுங்கச்சாவடியை ஒட்டிய நெடுஞ்சாலையானாலும் சரி, காட்பாடி–சித்தூர் சாலையானாலும் சரி, விபத்து நடந்த இடத்தில் கூட்டம் கூடியதும் ஒரு பெரியவர் சொல்லிவிடுவார்: "ஸ்டேஷன், கோர்ட்டெல்லாம் எதுக்குப்பா, பேசி முடிச்சுக்கலாம்." பத்தாயிரமோ இருபதாயிரமோ கைமாறும். சில மாதம் கழித்து, எலும்பு கூடவில்லை, இன்னொரு ஆபரேஷன் வேண்டும் என்று டாக்டர் சொல்லும்போது கையில் எஃப்.ஐ.ஆர். இருக்காது. இடித்த வண்டியின் நம்பர்கூட இருக்காது.

நம் பக்கத்தில் இடித்தவரும் பெரும்பாலும் பக்கத்து ஊர்க்காரராகவே இருப்பார். அவர் குடும்பத்தை நினைத்துப் புகார் கொடுக்காமல் விடுகிறவர்கள் நிறையப் பேர். ஆனால் வண்டிக்கு இன்ஷூரன்ஸ் நடப்பில் இருந்தால் இழப்பீட்டைக் கட்டப்போவது அவர் அல்ல, இன்ஷூரன்ஸ் கம்பெனி. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் எல்லா வண்டிக்கும் மூன்றாம் நபர் காப்பீட்டை, அதாவது அந்த வண்டியால் அடிபடும் மற்றவருக்கான காப்பீட்டை, கட்டாயமாக்கியது இதற்காகத்தான். ஓட்டியவர் மேல் கிரிமினல் வழக்கு வரும் என்பது உண்மை. அது தனி, இழப்பீடு தனி. இன்ஷூரன்ஸ் இல்லாத வண்டி என்றால்தான் பாரம் உரிமையாளர் தலையில் விழும். எம்-பரிவாகன் செயலியில் வண்டி நம்பரைப் போட்டால் இன்ஷூரன்ஸ் எது வரை இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

முதலில் உயிர். 108-ஐக் கூப்பிடுங்கள். தமிழக அரசின் 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டம் 2021 டிசம்பரிலிருந்து நடக்கிறது. விபத்து நடந்த முதல் 48 மணி நேரத்துக்கு, திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில் கட்டணம் இல்லாமல் சிகிச்சை. தொடக்கத்தில் ஒரு லட்சம் ரூபாய் வரை என்று இருந்ததை அரசு பிறகு 2 லட்சமாக உயர்த்தியது. ரேஷன் கார்டு, முதல்வர் காப்பீட்டு அட்டை எதுவும் தேவையில்லை. ஆந்திராவிலிருந்து வந்து அடிபட்டவருக்கும் உண்டு. கொண்டுபோய்ச் சேர்த்தவரைப் பெயர் சொல்லும்படியோ சாட்சி சொல்லும்படியோ யாரும் வற்புறுத்த முடியாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு அவரைக் காக்கிறது. தயங்காமல் தூக்குங்கள்.

மருத்துவமனையில் நடக்கும் ஒரு சின்ன விஷயம்தான் பல வழக்குகளைக் கெடுக்கிறது. அடுக்கம்பாறை அரசு மருத்துவமனையோ தனியாரோ, அவசரப் பிரிவில் டாக்டர் "எப்படி ஆச்சு?" என்று கேட்டு ஆக்சிடென்ட் ரிஜிஸ்டரில் எழுதுவார். போலீஸ் தொந்தரவு வேண்டாமென்று "வழுக்கி விழுந்துட்டேன்" என்று சொல்லிவிட்டால் அந்த ஒரு வரியை வைத்தே இன்ஷூரன்ஸ் கம்பெனி வக்கீல் பிறகு வழக்கை உடைப்பார். எந்த வண்டி, எந்த இடம், எத்தனை மணி என்று உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். நினைவில்லாதவர் என்றால் கூட வந்தவர் சொல்லட்டும். அந்த ஏ.ஆர். காப்பி, எஃப்.ஐ.ஆர்., காயச் சான்று, டிஸ்சார்ஜ் சம்மரி, மருந்துக்கடை பில் ஒன்றுவிடாமல், ஆட்டோ வாடகைச் சீட்டு வரை ஒரு பையில் போட்டு வையுங்கள். ஸ்டேஷனில் புகார் வாங்க மறுத்தால் அதையே எழுதி மாவட்ட எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்பலாம். விபத்து குறித்த முதல் அறிக்கையை 48 மணி நேரத்துக்குள்ளும் விரிவான அறிக்கையை 90 நாளுக்குள்ளும் தீர்ப்பாயத்துக்கு அனுப்புவது போலீஸின் கடமை. அனுப்பியாயிற்றா என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

மனுவைப் போடும் இடம் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம். விபத்து ஸ்ரீபெரும்புதூரில் நடந்திருந்தாலும் நீங்கள் வேலூரில் குடியிருந்தால் சத்துவாச்சாரி நீதிமன்ற வளாகத்திலேயே போடலாம். 2019 திருத்தத்தின்படி ஆறு மாதத்துக்குள் போட வேண்டும். அந்த வரம்பை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறார்கள். அதை நம்பிக் காத்திருக்காதீர்கள்.

எவ்வளவு கிடைக்கும்? குடியாத்தத்தில் தறி நெய்யும் 38 வயதுக்காரர், மாதம் 12,000 சம்பாதிப்பவர் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டு வருமானம் 1,44,000. சரளா வர்மா வழக்கில் 2009-இல் உச்ச நீதிமன்றம் வகுத்த அட்டவணைப்படி அவர் வயதுக்குப் பெருக்கல் எண் 15. ஆகமொத்தம் 21,60,000. மெடிக்கல் போர்டு 30 சதவீத ஊனம் என்று எழுதினால் அதில் 30 சதவீதம், 6,48,000. ஆனால் விஷயம் அங்கே முடிவதில்லை. காலால் மிதிபலகையை மிதிக்க முடியாத நெசவாளிக்குத் தொழிலே போய்விடுகிறது. சம்பாதிக்கும் திறன் எவ்வளவு போயிற்று என்பதைத்தான் பார்க்க வேண்டும், வெறும் மருத்துவச் சதவீதத்தை அல்ல என்று ராஜ்குமார் வழக்கில் 2010-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பாதித் திறன் போனதாக நீதிபதி ஏற்றால் அதே கணக்கு 10,80,000 ஆகிறது. நாற்பது வயதுக்கு உட்பட்ட சுயதொழில்காரருக்கு எதிர்கால வருமான உயர்வாக 40 சதவீதம் சேர்த்துக் கேட்கலாம். மருத்துவச் செலவு, வலி வேதனைக்கான தொகை எல்லாம் இதற்கு மேல். அதனால் என்ன தொழில் செய்தீர்கள், இப்போது எதைச் செய்ய முடியவில்லை என்பதை வக்கீலிடம் விலாவாரியாகச் சொல்லுங்கள். சம்பளச் சீட்டு இல்லை என்பதற்காகப் பீடி சுற்றும் பெண்ணோ வீட்டைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணோ கேட்க முடியாது என்றில்லை. நீதிமன்றமே ஒரு வருமானத்தை நிர்ணயிக்கும்.

ஹெல்மெட் போடாததற்கு ஆயிரம் ரூபாய் அபராதம் என்பது எல்லோருக்கும் தெரியும். தலையில் அடிபட்ட வழக்கில் உங்கள் மேலும் பங்குத் தவறு என்று இழப்பீட்டைக் குறைக்க அதுவே காரணமாகலாம் என்பது பலருக்குத் தெரியாது. பதினெட்டு வயது ஆகாத பிள்ளைக்கு வண்டியைக் கொடுத்து அவன் யாரையாவது இடித்தால் பெற்றோருக்கோ உரிமையாளருக்கோ 25,000 அபராதமும் மூன்று ஆண்டு வரை சிறையும் உண்டு.

கட்டிலருகே வந்து "கேஸை நாங்க பாத்துக்கிறோம்" என்று வெற்றுத்தாளில் கையெழுத்துக் கேட்கும் புரோக்கரிடம் மட்டும் கையெழுத்துப் போடாதீர்கள். எனக்கு இதில் ஆற்றாமை அதிகம். வலியில் கிடப்பவரின் பணத்தில் பங்கு போடுகிற வேலை அது. வக்கீல் வைக்க வசதி இல்லையென்றால் 15100-க்குப் போன் செய்யுங்கள். பெண்கள், பட்டியலினத்தவர், மாற்றுத்திறனாளிகள், குறைந்த வருமானக்காரர்கள் ஆகியோருக்குச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவசமாகவே வக்கீல் தரும்.

இடித்துவிட்டு நிற்காமல் போன வண்டி என்றாலும் வழி இருக்கிறது. 2022 ஏப்ரல் முதல் நடப்பில் உள்ள திட்டப்படி உயிரிழப்புக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000. இதற்குக் கோர்ட் வேண்டாம். விபத்து நடந்த பகுதியின் கோட்டாட்சியர் அல்லது தாசில்தார் அலுவலகத்தில் படிவம்-1-இல் விண்ணப்பிக்க வேண்டும். அங்கே விசாரித்து ஒரு மாதத்துக்குள் ஆட்சியருக்கு அறிக்கை போக வேண்டும்; அவர் 15 நாளில் உத்தரவிட வேண்டும்; அடுத்த 15 நாளில் பணம் உங்கள் வங்கிக் கணக்குக்கு வர வேண்டும். விண்ணப்பம் கொடுத்த அன்றே ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள், நாள் கணக்கு கேட்க அது வேண்டும்.