உளுந்துச் செடியைத் தோண்டிப் பாருங்கள்

சம்பா அறுவடைக்கு ஒரு வாரம், பத்து நாள் இருக்கும்போதே டெல்டாவில் நெல்லுக்குள் உளுந்தைத் தெளித்துவிடுவார்கள். உழவு கிடையாது, அடியுரமும் கிடையாது. உளுந்தின் வேரில் முடிச்சு போட்டு, காற்றிலுள்ள நைட்ரஜனைச் செடிக்குத் தருவது ரைசோபியம் பாக்டீரியா. மாதக்கணக்கில் தண்ணீர் நின்ற மண்ணில் அதுவும் குறைந்துபோயிருக்கும். விதை நேர்த்தி, அதாவது விதைக்கும் முன் ரைசோபியத்தை விதையில் பூசுவது, கட்டாயம் வேண்டிய பயிர் இது. ஆனால் அறுவடை அவசரத்தில் அதைத்தான் முதலில் விட்டுவிடுகிறார்கள்.

“போன வருஷம் போட்டேன் சார், ஒண்ணும் தெரியலை” என்பவர்களிடம் நான் முதலில் கேட்பது, ரைசோபியம் பொட்டலத்தை எங்கே வைத்திருந்தீர்கள் என்றுதான். உள்ளே இருப்பது உயிர். வெயில் படும் திண்ணையிலோ தகரக் கொட்டகையிலோ கிடந்தால் செத்துப்போகும். அப்புறம் அதில் மிஞ்சுவது வெறும் கரித்தூள். வாங்கும்போதே காலாவதித் தேதியையும் பயிர்ப் பெயரையும் பாருங்கள். கொண்டைக்கடலைக்கான ரைசோபியம் உளுந்துக்கு ஆகாது.

ஹெக்டேருக்கான விதைக்கு 200 கிராம் பொட்டலம் மூன்று. நன்றாக ஆறிய அரிசிக் கஞ்சியில் கலந்து, விதைத்தோல் உரியாமல் கையால் புரட்டுங்கள். நிழலில் அரை மணி நேரம் உலர்த்தி, அன்றே விதையுங்கள். பூஞ்சணக்கொல்லி கலப்பதாக இருந்தால் அதை முதல் நாளே முடித்துவிட வேண்டும். இரண்டையும் ஒன்றாகக் கலந்தால் பாக்டீரியா பிழைக்காது.

வேலை செய்கிறதா என்று பார்க்க ஆய்வுக்கூடம் வேண்டாம். முப்பது நாள் பயிரில் நான்கைந்து செடியை மண்ணோடு தோண்டி எடுத்து, தண்ணீரில் அலசுங்கள். வெடுக்கென்று பிடுங்கினால் முடிச்சுகள் மண்ணிலேயே நின்றுவிடும். ஒரு முடிச்சை நகத்தால் கீறுங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் காற்றிலுள்ள நைட்ரஜனைச் செடிக்கு ஊட்டிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அந்த நிறம், நம் ரத்தச் சிவப்பணுவில் இருப்பதைப் போன்ற ஒரு புரதத்தால் வருவது. வெள்ளையாக இருந்தால் முடிச்சு இருந்தும் பயனில்லை.

செடி வெளுத்திருக்கிறதே என்று உடனே யூரியாவை அள்ளி வீசாதீர்கள். மண்ணில் தழைச்சத்து (நைட்ரஜன்) தாராளமாகக் கிடைத்தால் செடி முடிச்சு போடுவதையே குறைத்துக்கொள்ளும். மணிச்சத்து (பாஸ்பரஸ்) விஷயம் வேறு. அது இல்லாமல் முடிச்சு தேறாது. இப்படி நெல்லுக்குப் பின் வரும் தரிசு உளுந்துக்குப் பூக்கும் தருணத்திலும் அதிலிருந்து பதினைந்து நாள் கழித்தும், மணிச்சத்துள்ள டிஏபி உரத்தின் 2 சதவீதக் கரைசலை இலைவழி தெளிக்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

அறுவடையின்போது செடியை வேரோடு பிடுங்காமல் அடியில் அறுத்தெடுங்கள். வேரும் முடிச்சும் அந்த வயலிலேயே மட்கட்டும்.