ஈரக் காற்றில் ஏர்பிரஷ்

1942 தொடக்கத்தில் சிங்கப்பூரைக் காக்கக் காலாங்கிலிருந்து பறந்த பஃபலோ போர் விமானத்தின் இறக்கை, முனையிலிருந்து முனைவரை ஏறத்தாழ 10.7 மீட்டர். 72-இல் ஒரு பங்காகச் சுருக்கிய பிளாஸ்டிக் மாதிரியில் அது 148 மி.மீ. விமானம் சுருங்கிவிட்டது, டப்பாவில் உள்ள பெயிண்ட் சுருங்குவதில்லை. தூரிகையால் சற்றுக் கனமாக 0.1 மி.மீ. பூசிவிட்டால், உண்மையான விமானத்தின் மேல் 7 மி.மீ. கனத்துக்குப் பெயிண்ட் ஏறியதற்குச் சமம். தகடுகள் சேரும் மெல்லிய கோடுகள் எல்லாம் அதற்கடியில் புதைந்துபோகும். அழுத்தக் காற்றால் பெயிண்டைத் தெளிக்கும் ஏர்பிரஷ்ஷில் ஒரு பூச்சை 0.02 மி.மீ. அளவிலேயே நிறுத்த முடியும். அப்போது அதே கணக்கு 1.4 மி.மீ. என்று இறங்கிவிடுகிறது. பச்சையும் மண்நிறமும் சந்திக்கும் ஓரம் மென்மையாகக் கரைந்து நிற்பதும் அதில்தான் கைகூடும்.

இந்த ஆசையோடு வரும் தம்பிகள் முதலில் கேட்பது, "அண்ணே, எந்த கன் வாங்கலாம்?" என்பதுதான். தேசிய சேவை முடித்தவர்கள், 'குண்டாம்' ரோபோ மாதிரி கட்டுபவர்கள், கப்பல் மாதிரி கட்டுபவர்கள், யாராக இருந்தாலும் கேள்வி மாறாது. நான் திருப்பிக் கேட்பது: "காற்றுக்கு என்ன வைத்திருக்கிறாய், தம்பி?" நம் ஊரில் ஏர்பிரஷ்ஷின் தரத்தைவிட அதற்குள் போகும் காற்றின் தரம்தான் வேலையைத் தீர்மானிக்கிறது. அதற்குக் காரணம் இயற்பியல்.

கருவிக்குள் நடப்பதைப் பார்ப்போம். கூர்மையாகச் சீவிய ஓர் ஊசி, நாசில் என்னும் நுண்துளைக்குள் அடைப்பாக உட்கார்ந்திருக்கிறது. ஊசியைப் பின்னால் இழுத்தால் துளை கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்கும். நாசிலைச் சுற்றி வளையமாக ஓர் இடைவெளி. அதன் வழியே அழுத்தக் காற்று வேகமாகப் பாய்கிறது. பாயும் காற்று நாசில் முனையில் இருக்கும் காற்றையும் தன்னோடு இழுத்துச் செல்வதால், அந்த இடத்தில் அழுத்தம் குறைகிறது. கப்பில் இருக்கும் பெயிண்டின் மேல் வெளிக்காற்றின் அழுத்தம் குறையாமல் இருக்கிறது. அந்த வித்தியாசம்தான் பெயிண்டை வெளியே தள்ளுகிறது. கப்பின் மூடியில் ஊசிமுனை அளவு ஓட்டை ஒன்று இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். காய்ந்த பெயிண்ட் அதை அடைத்துவிட்டால், கப் நிறையப் பெயிண்ட் இருந்தும் சற்று நேரத்தில் சொட்டுகூட வராது. பலர் நாசில் அடைத்துக்கொண்டது என்று நினைத்துக் கருவியைக் கழற்றத் தொடங்குவது இந்த இடத்தில்தான். நாசில் அடைத்தாலோ, அதன் இருக்கையில் கசிவு இருந்தாலோ, காற்று பின்னோக்கி வந்து கப்பில் குமிழி விடும். இந்த இரண்டு அடையாளங்களையும் தெரிந்து வைத்துக்கொண்டால் பாதிப் பழுதைக் கழற்றாமலே கண்டுபிடித்துவிடலாம்.

பெயிண்டும் காற்றும் கருவிக்குள் சந்தித்து, விசையை அழுத்தினால் காற்று, பின்னால் இழுத்தால் பெயிண்ட் என இரண்டையும் ஒரே விரலில் ஆளும் அமைப்புக்கு, 1892-இல் அமெரிக்காவில் சார்ல்ஸ் பர்டிக் காப்புரிமை பெற்றார். இன்று கடையில் 'டபுள் ஆக்‌ஷன்' என்று விற்பது அடிப்படையில் அதே யோசனைதான். முதல் கருவியே அதுவாக இருக்கட்டும். விசையை அழுத்தினால் காற்றும் பெயிண்டும் சேர்ந்தே வரும் ஒற்றைச் செயல் கருவி கைக்கு எளிது என்றாலும், கோட்டின் அகலத்தைத் தெளிக்கும்போதே மாற்ற முடியாமல் போவது விரைவில் உறுத்தும். கப் மேலே இருப்பதையே வாங்குங்கள்; புவியீர்ப்பும் உதவுவதால் குறைந்த அழுத்தத்திலும் பெயிண்ட் இறங்கிவரும்.

வெளியே வரும் பெயிண்டைக் காற்று துளித்துளியாக உடைக்கிறது. துளியைச் சேர்த்துப் பிடித்திருப்பது பெயிண்டின் பரப்பு இழுவிசை. அதைப் பிய்த்தெறிவது காற்றின் வேகம். பெயிண்ட் கெட்டியாக இருந்தால் காற்று தோற்று, துளிகள் பெரிதாகி, பரப்பு சொரசொரப்பாகும். ஒரு மில்லிலிட்டர் பெயிண்டை 0.03 மி.மீ. விட்டமுள்ள துளிகளாக உடைத்தால் சுமார் 7 கோடி துளிகள் கிடைக்கும். அவற்றின் மொத்தப் பரப்பு 0.2 சதுர மீட்டர், அதாவது மூன்று ஏ4 தாளின் பரப்பு. தூரிகையில் பத்து நிமிடம் ஈரமாக இருக்கும் பெயிண்ட், காற்றில் பறக்கும் அந்த நொடிக்குள்ளேயே காயத் தொடங்குவது இதனால்தான். தள்ளி நின்று அடித்தால் பாதி காய்ந்த தூசியாக விழுவதற்கும் இதுவே காரணம்.

இனி காற்றுக்கு வருவோம். சிங்கப்பூரில் ஆண்டுச் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கு மேல். விடியற்காலையில் 90-ஐத் தாண்டும். மழையில்லாத பிற்பகலில் 60 வாக்கில் இறங்கும். மழை பெய்து ஓய்ந்த ஒரு மாலை, 30 டிகிரி செல்சியஸ், ஈரப்பதம் 80 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். அந்தக் காற்றில் ஒரு கனமீட்டருக்கு 24 கிராம் நீராவி இருக்கும். கம்ப்ரஸர் அதை வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு (சுமார் 1 பார்) மேல் இன்னும் 4 பார் வரை அழுத்தினால், ஒரு கனமீட்டர் காற்று ஐந்தில் ஒரு பங்கு இடத்துக்குள் அடங்கிவிடுகிறது. அந்தச் சின்ன இடத்தில் இருந்த காற்று மீண்டும் 30 டிகிரிக்கு ஆறும்போது, அதில் நீராவியாகத் தங்கக்கூடியது 6 கிராம் மட்டுமே. மீதி 18 கிராம் தண்ணீராக விழுந்தே தீரும். மூன்றரைத் தேக்கரண்டி! மாதிரி கட்டுபவர்கள் வழக்கமாக வாங்கும் சிறிய கம்ப்ரஸர் நிமிடத்துக்குச் சுமார் 20 லிட்டர் காற்றை இழுப்பதால், மோட்டார் 50 நிமிடம் ஓடினால் இத்தனை தண்ணீர் சேர்ந்துவிடும்.

இதே கணக்கைக் குளிர்நாட்டில், 20 டிகிரியும் 50 விழுக்காடு ஈரமும் உள்ள ஓர் அறைக்குப் போட்டால் வருவது 5 கிராம்தான். ஏர்பிரஷ் பற்றிய வழிகாட்டிகள் பெரும்பாலும் அங்கிருந்து எழுதப்படுபவை. அவற்றில், காற்றில் வரும் தண்ணீரைப் பிடிக்கும் வாட்டர் டிராப்புக்கு ஒரே வரி ஒதுக்கியிருந்தால் அவர்களைக் குறை சொல்ல முடியாது. அவர்களுக்கு அது போதும். நமக்குப் போதாது.

வாட்டர் டிராப் ஒன்றை மாட்டிவிட்டால் தீர்ந்ததல்லவா என்று கேட்கலாம். இங்கேதான் கவனிக்க வேண்டிய சங்கதி இருக்கிறது. வாட்டர் டிராப் பிடிப்பது தண்ணீரை. நீராவியை அதனால் பிடிக்க முடியாது. அழுத்தும்போது காற்று சூடாகிறது. 60 டிகிரியில் இருக்கும் காற்று கனமீட்டருக்கு 130 கிராம் நீராவியைத் தாங்கும் என்பதால், மேலே சொன்ன மாலைக் காற்றை 4 பாருக்கு அழுத்தினாலும் அந்தச் சூட்டில் ஒரு சொட்டும் விழாது. தொட்டியில்லாத கம்ப்ரஸரில் இந்தச் சூடான காற்று வாட்டர் டிராப்பைச் சுலபமாகக் கடந்துபோய், ஏர்பிரஷ்ஷுக்குப் போகும் நீண்ட ஹோஸுக்குள் (குழாய்க்குள்) ஆறி, அங்கே துளிகளாகப் படிகிறது. அரை மணி நேரம் அழகாக அடித்துக்கொண்டிருக்கும்போது திடீரென்று 'ப்ச்' என்று ஒரு துப்பல். இறக்கையின் நடுவில் ஒரு நீர்வளையம்.

இதற்கு மருந்து காற்றுத் தொட்டி. மூன்று லிட்டர் தொட்டியே போதும். காற்று அதில் காத்திருந்து ஆறுகிறது. தண்ணீர் அடியில் தங்கிவிடுகிறது. அதைவிடப் பெரிய நன்மை அடுத்த கட்டத்தில் வருகிறது. தொட்டியிலிருந்து கிளம்பும் காற்று 100 விழுக்காடு ஈரத்தோடு இருக்கும். அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் அதை 4 பாரிலிருந்து 1 பாருக்கு இறக்கும்போது காற்று விரிவதால் ஈரப்பதம் 40 விழுக்காட்டுக்கு விழுந்துவிடும். இனி ஹோஸுக்குள் படிய எதுவும் இல்லை. நாசிலுக்கு வெளியே வந்து முழுதாக விரியும்போது அது 20 விழுக்காட்டை நெருங்குகிறது. சன்னலுக்கு வெளியே மழை கொட்டும் நாளிலும் ஊசிமுனையில் அக்ரிலிக் பெயிண்ட் காய்ந்து கட்டிக்கொள்வது ஏன் என்று யோசித்திருக்கிறீர்களா? ஊசியின் மேல் ஓடிக்கொண்டிருப்பது பாலைவனக் காற்று. ஈரமான பஞ்சுக் குச்சியால் அவ்வப்போது முனையைத் துடைப்பதும், காய்வதைத் தாமதப்படுத்தும் திரவத்தைச் சில சொட்டுகள் சேர்ப்பதும் நமக்கும் தேவைதான்.

பிஸ்டன் ஒவ்வொரு முறை அடிக்கும்போதும் காற்று துடிக்கும். தொட்டி அந்தத் துடிப்பையும் விழுங்கிவிடுகிறது. அழுத்தம் நிரம்பியதும் மோட்டார் தானாக நிற்கும். 4 பாரில் நின்று 3 பாரில் மீண்டும் ஓடும் வகை பரவலாகக் கிடைக்கிறது. வீவக வீட்டில் இரவில் வேலை செய்பவருக்கு இந்த அமைதி முக்கியம். தரையில் கனமான ரப்பர் விரிப்பு ஒன்றைப் போட்டு அதன்மேல் வையுங்கள். கீழ்வீட்டுக்குப் போவது சத்தத்தைவிட அதிர்வுதான். கையோடு ஒட்டிய, பேட்டரியில் ஓடும் குட்டி கம்ப்ரஸர்கள் இப்போது மலிவாகக் குவிகின்றன. சிறு பொம்மைக்கு ஒரு நிறம் அடிக்க அவை உதவலாம். தொட்டி கிடையாது, ஆறுவதற்கு இடமும் கிடையாது என்பதால் ஈர ஊரில் இதை முதல் கருவியாக வாங்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஜப்பான் போய் வரும்போது வாங்கி வருகிறவர்கள், அங்கே மின்சாரம் 100 வோல்ட், இங்கே 230 என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

வேலை முடிந்ததும் தொட்டியின் அடியிலுள்ள வடிகால் திருகைத் திறந்துவிட வேண்டும். முதலில் சீறல், பிறகு துருநிறத்தில் கலங்கிய தண்ணீர் தெறிக்கும். கீழே பழைய துணி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் துருநிறம் தொட்டியின் உட்சுவரிலிருந்து வருகிறது. மாதக்கணக்கில் வடிக்காமல் விட்டால் இரும்பு உள்ளிருந்து அரிக்கும். கம்ப்ரஸரை ஏர்கான் அறையில் வைக்க முடிந்தால் தண்ணீர் பாதியாகக் குறையும். 25 டிகிரியும் 55 விழுக்காடும் உள்ள அறைக்குக் கணக்குப் போட்டால் 18 கிராம் 8 கிராமாகிறது.

ஹோஸிலிருந்து வரும் ஈரம் ஒருபுறம் இருக்க, அறைக் காற்றின் ஈரமும் பெயிண்டைக் கெடுக்கும். லாக்கர் வகைப் பெயிண்டில் அதைக் கரைக்கும் தின்னர் வேகமாக ஆவியாகும். ஆவியாகும் எதுவும் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போவதால் பரப்பு குளிர்கிறது. நம் மாலைக் காற்றின் பனிநிலை, அதாவது நீராவி தண்ணீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை, 26 டிகிரி. பரப்பு நான்கு டிகிரி குளிர்ந்தாலே அதன்மேல் நீர் படியும். கோப்பிக் கடையில் தே பெங் கிளாஸின் வெளிப்புறம் வியர்ப்பதும் இதே நிகழ்ச்சிதான். காயாத பெயிண்டுக்குள் அந்த நுண்ணீர் சிக்கிக்கொள்ளும்போது பளபளப்பான கறுப்பு பால்பூத்து வெளிறிவிடும். ஆவியாதலைத் தாமதப்படுத்தும் தின்னர் இதற்கென்றே இருக்கிறது; மிஸ்டர் ஹாபி என்ற பிராண்டின் லெவலிங் தின்னர் அந்த வகை. பளபளப்புப் பூச்சைப் பிற்பகல் 2 மணி வாக்கில் வைத்துக்கொள்வதும் செலவில்லாத வழி. மழை விட்ட மாலையில் பளபளப்பில்லாத மேட் நிறங்களோடு நிறுத்திக்கொள்ளலாம்.

காற்று சரியானபின் கருவியைத் தேர்வது அவ்வளவு கடினமல்ல. 0.3 மி.மீ. நாசில் முதலில் போதும். 0.2-ஐவிட 0.5-இன் துளைப் பரப்பு ஆறு மடங்கு பெரிது. அடிப்பூச்சான பிரைமரும் உலோக நிறமும் அடிக்க 0.5 வசதி. அவற்றின் துகள்கள் 0.2-இல் சிக்கிக்கொள்ளும். நுண்கோடுகள் இழுக்கும் ஆசையில் முதலில் 0.2 வாங்குகிறவர்கள் தெளிப்பதைவிடக் கழுவுவதில் அதிக நேரம் செலவிடுவார்கள். பஃபலோவின் பச்சை ஓரத்தை 0.3-லேயே இழுக்கலாம்: பெயிண்டைப் பால் பதத்துக்குக் கரைத்து, அழுத்தத்தை 12 பிஎஸ்ஐ (1 பார் ஏறத்தாழ 14.5 பிஎஸ்ஐ) அளவுக்குக் குறைத்து, பரப்பின் அருகே போக வேண்டும். பொதுவான பூச்சுக்கு 15 முதல் 20 பிஎஸ்ஐ. இதை விசையை அழுத்தியபடியே பார்த்து வையுங்கள்; காற்று ஓடத் தொடங்கியதும் அழுத்தமானியின் முள் கீழே இறங்கும்.

லாக்கர் பயன்படுத்துவதாக இருந்தால் ஏர்பிரஷ்ஷுக்குள் கசிவைத் தடுக்கும் வளையங்கள் தின்னரைத் தாங்கும் வகையா என்று கேட்டு வாங்குங்கள். சாதாரண ரப்பர் ஊறி வீங்கிவிடும்.

பெயிண்டையும் தின்னரையும் சுவாசிக்காமல் பார்த்துக்கொள்வது இதையெல்லாம்விட முக்கியம். வீட்டில் பிள்ளைகளும் பெரியவர்களும் இருப்பார்கள். அறுவை சிகிச்சை முகக்கவசம் தின்னர் ஆவியைத் தடுக்காது. தூசியை மட்டும் வடிகட்டும் கவசமும் தடுக்காது. கரைப்பான் ஆவியை உறிஞ்சும் கரிப் பெட்டி பொருத்திய கவசம் வேண்டும். அக்ரிலிக்கில் வாடை குறைவு என்று கவசத்தைக் கழற்றிவிடாதீர்கள். 7 கோடி துளிகள் அதிலும் உண்டு. மாதிரியை உள்ளே வைத்துத் தெளிக்கும் தெளிப்புப் பெட்டியின் விசிறி, வளைந்து நெளிந்த குழாய் வழியே காற்றைச் சன்னல்வரை தள்ள வேண்டியிருப்பதால், கணினி விசிறி போன்ற தட்டை விசிறியைவிட மையவிலக்கு விசிறி நன்றாக வேலை செய்யும். குழாயை வெளியே நீட்டுமுன் கீழ்மாடியில் மூங்கில் கழியில் துணி காய்கிறதா என்று எட்டிப் பாருங்கள். வீட்டுக் காப்பறைக்குள் மட்டும் தெளிக்கவே கூடாது. கனமான கதவும் குறைந்த காற்றோட்டமும் சேர்ந்தால் ஆவிக்குப் போக்கிடம் இல்லை.

வாங்கும் அன்றே உபரி ஊசியும் நாசிலும் அந்தக் கடையில் கிடைக்குமா என்று கேளுங்கள். இவாட்டா, தமியா, மிஸ்டர் ஹாபி போன்ற பெயர்களுக்குக் கூடுதலாகக் கொடுக்கும் வெள்ளியில் ஒரு பங்கு, பல வருடம் கழித்தும் அந்தப் பாகம் கிடைக்கும் என்பதற்காகத்தான். முழங்கை உயரத்திலிருந்து விழுந்தாலே ஊசிமுனை வளைந்துவிடும். வளைந்ததா என்று கண்ணுக்குத் தெரியாது. முனையைக் கட்டைவிரல் நகத்தின் மேல் சாய்த்து லேசாக இழுத்தபடி உருட்டிப் பார்த்தால் ஒரு பக்கம் மட்டும் உரசும். தெளிப்பு ஒரு பக்கமாகச் சாய்வதும் அதன் அடையாளம். அந்த ஊசியை மீண்டும் செருகினால் நாசிலின் உட்சுவரும் கீறிப்போகும்.