ஈமத்தாழி, ஈமப்பேழை: இரண்டும் ஒன்றல்ல

வெண்ணெய் திரளும்போது தாழி உடைந்தது என்கிறோமே, அதே தாழிதான். வாயகன்ற பெரிய மண்கலம் எதுவும் தாழி. இறந்தவரை இட்டால் அது ஈமத்தாழி. சென்னை கொசப்பேட்டையில் மண் பிசைகிற குயவர்களுக்குத் தெரியும்: ஆள் உட்காரும் அளவுள்ள கலத்தை ஒரே மூச்சில் வனைய முடியாது. அடியை ஈரம் வடியவிட்டு, அதன்மேல் வயிறு, பிறகு வாய். அவசரப்பட்டால் அடி சரிந்துவிடும். புறநானூற்றின் 256ஆம் பாட்டில், வழியில் கணவனை இழந்தவள் "கலஞ்செய் கோவே" என்று குயவரைக் கூப்பிட்டு, தனக்கும் சேர்த்துத் தாழியை அகலமாக வனையச் சொல்கிறாள். வண்டிச் சக்கரத்தின் ஆரக்காலில் ஒட்டிக்கொண்டே வந்த சிறு பல்லிபோல அவனோடு வந்தவள் அவள்.

ஈமத்தாழிக்கு வழங்கும் 'முதுமக்கள் தாழி' என்ற பெயரை வைத்து, வயதானவர்களை உயிரோடு உள்ளே வைத்தார்கள் என்று ஒரு கதை உலவுகிறது. அதை நம்ப வேண்டாம். முதுமக்கள் என்றால் முன்னோர். கீழடி அருகே கொந்தகை ஈமக்காட்டில் குழந்தைகளின் எலும்புக்கூடுகளும் கிடைத்திருக்கின்றன.

ஈமப்பேழை, அதாவது ஆங்கிலத்தில் 'சார்கோபேகஸ்', வேறு. அந்தச் சொல்லுக்குக் கிரேக்கத்தில் 'சதை தின்னி' என்று பொருள். உடலைச் சீக்கிரம் அரித்துவிடும் என்று நம்பப்பட்ட ஒருவகைக் கல்லுக்கு வைத்த பெயர். சென்னையை ஒட்டிய பல்லாவரத்தில் கிடைத்ததோ சுடுமண்ணால் ஆன, வரிசையாகக் கால்கள் வைத்த நீள்பெட்டி. அதைக் 'கல் சவப்பெட்டி' என்பது பிழை, தாழி என்பதும் பிழை. ஈமப்பேழை என்பதே சரி.

உள்ளே எலும்பு கிடக்கும் விதம்தான் வழக்கத்தைச் சொல்லும். முதுகெலும்பும் மூட்டுகளும் கோர்வை கலையாமல் இருந்தால் உடலை முழுதாக வைத்திருக்கிறார்கள். மண்டையோடும் நீள எலும்புகளும் மட்டும் அடுக்கியிருந்தால், வேறிடத்தில் சதை அழிந்தபின் பொறுக்கி வைத்தது. இதை இரண்டாம் நிலை அடக்கம் என்பர். ஆனால் விரலெலும்பு இல்லை என்பதை மட்டும் வைத்து முடிவுகட்டக் கூடாது. அமில மண்ணில் சிறு எலும்புதான் முதலில் கரையும். மூடி உடைந்து மண்ணும் நீரும் இறங்கினாலும் அடுக்கு கலையும்.

அதனால் தாழிக்குள் இருக்கும் மண்ணைக் கொட்டிவிடாமல், படிப்படியாக எடுத்துச் சலிக்கிறார்கள். தூத்துக்குடி மாவட்டம் சிவகளையில் ஒரு தாழிக்குள் மண்ணோடு கிடந்த நெல் உமிதான் கி.மு. 1155 என்ற காலக்கணிப்பைத் தந்தது. தாழியைக் கழுவியிருந்தால் அந்த ஆண்டும் போயிருக்கும். பொன்னேரி, கும்மிடிப்பூண்டிப் பக்கம் கடைக்கால் தோண்டும்போது வட்டமாகப் பானை விளிம்பு தெரிந்தால் கடப்பாரையை நிறுத்துங்கள். வெளியே எடுக்காமல், இருந்த இடத்திலேயே படம் எடுத்து, வட்டாட்சியருக்கும் தொல்லியல் துறைக்கும் சொல்லுங்கள்.