பாலஸ்டர்: குறுந்தூண்

மாடிப்படியின் ஓரத்தில் கைப்பிடியைத் தாங்கி நிற்கும் சிறு தூண்களில் ஒவ்வொன்றுக்கும் ஆங்கிலத்தில் பாலஸ்டர் என்று பெயர். அவை மேலே கைப்பிடியும் கீழே அடிச்சட்டமும் பெற்று ஒரே வரிசையாக அமையும்போது, அந்த முழு அமைப்பைப் பாலஸ்ட்ரேடு என்பர். படி தொடங்கும் இடத்திலும் திரும்பும் இடத்திலும் நிற்கும் பருத்த தூண் இவற்றில் சேராது. அதற்கு நியூவல் என்ற தனிப்பெயர் உண்டு.

காட்டு மாதுளையின் பூவைக் குறித்த கிரேக்கச் சொல் ஒன்று லத்தீன், இத்தாலியம், பிரெஞ்சு ஆகியவற்றின் வழியே ஆங்கிலத்துக்கு வந்து பாலஸ்டர் என்ற பெயர் ஆயிற்று. மாதுளம்பூவை மொட்டவிழும் பருவத்தில் உற்றுப் பார்த்தால் காரணம் விளங்கும்: தடித்த புல்லிவட்டம் அடியில் பருத்து, மேலே சற்று ஒடுங்கி, விளிம்பில் மீண்டும் விரிகிறது. 15ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து இத்தாலியச் சிற்பிகள் கல்லில் செதுக்கிய சிறு தூண்களிலும் இதே வளைவைக் காணலாம். ரோமில் 1502ஆம் ஆண்டை ஒட்டிப் பிரமாந்தே வடிவமைத்த டெம்பியெட்டோ என்னும் வட்டக் கோயிலின் தூண் வரிசைக்கு மேலே இவை சுற்றிலும் அணிவகுத்து நிற்கின்றன. ஆங்கிலத்தில் பேச்சுவழக்கில் திரிந்து பானிஸ்டர் ஆன வடிவமும் இச்சொல்லினுடையதே.

தமிழில் இதைக் கைப்பிடி என்றே பலரும் எழுதிவிடுகின்றனர். கைப்பிடி என்பது கை பற்றும் மேற்சட்டம் மட்டுமே. தாங்குவதையும் தாங்கப்படுவதையும் ஒரே பெயரால் அழைத்தால் வரைபடத்தைப் படிப்பவர் குழம்புவார். பாலஸ்டர் என்ற சொல்லின் ஆதி அர்த்தத்தைத் தழுவி மாதுளைத்தூண் என்று ஆக்கலாம்தான். ஆனால் இன்று சதுரக் கட்டையும் நேரான இரும்புக் கம்பியும்கூட இப்பணியைச் செய்வதால், வடிவத்தைச் சொல்லும் பெயர் எல்லாவற்றுக்கும் பொருந்தாது. குறுந்தூண் என்பதே பொதுப்பெயராகத் தக்கது. மரத்தைக் கடைந்து செய்தது கடைசல் குறுந்தூண். கம்பியாக இருந்தால், கிராதியைக் குறிக்கும் அழி என்னும் பழஞ்சொல்லிலிருந்து வந்த அழிக்கம்பி இருக்கவே இருக்கிறது. முழு அமைப்பைக் குறுந்தூண் வரிசை எனலாம்.

குழந்தையின் தலை நுழையாதிருக்க, 100 மில்லிமீட்டர் விட்டமுள்ள உருண்டை குறுந்தூண்களுக்கு இடையே புகக் கூடாது என்று சில நாடுகளின் கட்டட விதிகள் கூறுகின்றன. கைப்பிடி என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு இந்த விதியைப் பிழையின்றித் தமிழில் எழுதிவிட முடியாது.