அட்வைசரி: எச்சரிக்கையா, ஆலோசனையா, அறிவுறுத்தலா?

மென்பொருளில் உள்ள பாதுகாப்பு ஓட்டையைப் பற்றி வெளியாகும் ஆவணத்தை ஆங்கிலத்தில் அட்வைசரி என்பார்கள். நிரல் எழுதுபவர்கள் இப்போது, கருவிகளை இயக்கி வேலை செய்து தரும் ஏஐ ஏஜென்ட்டிடம் ஒரு மென்பொருள் தொகுப்பின் பெயரையும் பதிப்பு எண்ணையும் கொடுத்து, "இதற்கு அட்வைசரி ஏதாவது வந்திருக்கிறதா, பார்" என்று கேட்கிறார்கள். அதுவும் தன் கருவி வழியாக ஓஎஸ்வி போன்ற, ஓட்டைகளைப் பதிந்து வைக்கும் தரவுத்தளத்தில் தேடி, விடையைத் தமிழிலேயே தருகிறது. ஆனால் அட்வைசரியை ஒரு பத்தியில் எச்சரிக்கை என்கிறது, அடுத்த பத்தியில் ஆலோசனை, கீழே போனால் அறிவுரை. படிப்பவருக்கு இவை மூன்றும் வேறு வேறு ஆவணங்களோ என்று தோன்றிவிடும்.

ஆங்கில அட்வைஸ் பழைய பிரெஞ்சின் 'அவி' வழியாக வந்தது. அதன் அடியில் இருப்பது 'விதேரே' என்ற லத்தீன் வினை. பார்த்தல் என்று பொருள். எனக்கு இப்படித் தெரிகிறது என்பதே 'அவி'யின் பழைய பொருள். நாமும் "எனக்குப் பட்டதைச் சொல்கிறேன்" என்றுதானே யோசனை சொல்லத் தொடங்குகிறோம்! வடமொழியிலிருந்து வந்த ஆலோசனையின் வேரும் பார்வைதான். கண்ணைக் குறிக்கும் லோசனம் அதே வேரில் பிறந்தது.

மென்பொருள் உலகில் இந்தச் சொல் ஊன்றியது 1988க்குப் பிறகு. அந்த ஆண்டு நவம்பரில் மாரிஸ் வார்ம் என்ற, தானாகவே பரவும் நிரல் இணையத்தில் பரவி ஆயிரக்கணக்கான கணினிகளை முடக்கியது. அதையொட்டி கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய, கணினிப் பாதுகாப்பு ஆபத்துகளைக் கவனிக்கும் செர்ட் ஒருங்கிணைப்பு மையம், தன் அறிக்கைகளை அட்வைசரி என்ற பெயரிலேயே வெளியிட்டது. 1999இல் மைட்டர் நிறுவனம் சிவிஇ எண்முறையைக் கொண்டுவந்தது. சிவிஇயையும் அட்வைசரியையும் ஒன்றாக நினைப்பவர்கள் நிறைய. சிவிஇ என்பது ஓட்டைக்கு இட்ட எண். அட்வைசரி அந்த ஓட்டையைப் பற்றிய ஆவணம். எந்தப் பதிப்பு முதல் எது வரை பாதிப்பு, என்ன கேடு வரும், எவ்வளவு கடுமை, எந்தப் பதிப்பில் சரிசெய்தார்கள், உடனே மாற முடியாவிட்டால் அதுவரை என்ன செய்வது என்பதெல்லாம் அதில் இருக்கும். ஒரே எண்ணுக்கு, மென்பொருளை எழுதியவர்கள் ஒன்று, அதை வாங்கி விநியோகிப்பவர்கள் ஒன்று என்று பல அட்வைசரிகள் வரலாம்.

சரி, தமிழில் எது பொருந்தும்? எச்சரிக்கைக்கு உறவான 'எச்சர' கன்னடத்தில் விழிப்பைக் குறிக்கும். எழுப்பிவிடுவதோடு அதன் வேலை முடிந்தது. அது அலர்ட்டுக்குச் சரி. ஆலோசனை இரு பக்கமும் பேசிக்கொள்வது. அறிவுரையில் பெரியவர்கள் புத்தி சொல்லும் தொனி ஏறிவிடுகிறது. அறிவுறுத்தல் அப்படியல்ல. உறுதல் என்றால் சென்று சேர்தல். அறிவுறுத்தல், அறிவைச் சேரவைத்தல். புறப்பொருள் துறைகளில் செவியறிவுறூஉ என்றே ஒன்று உண்டு. புறநானூற்றில் பிசிராந்தையார் பாண்டியன் அறிவுடைநம்பிக்குச் சொன்னது அந்தத் துறைதான்: நெல்லை அறுத்துக் கவளமாகக் கொடுத்தால் சிறு நிலமும் யானைக்குப் பல நாளுக்கு வரும், யானையே வயலில் புகுந்தால் வாயில் போவதைவிடக் காலில் மிதிபட்டு அழிவதே அதிகம். எது கெடும், எப்படிக் கெடும், எது வழி, எல்லாம் சொல்லியாயிற்று. முடிவு மட்டும் அரசனுடையது. ஒரு நல்ல அட்வைசரி செய்வதும் இதைத்தான். அதனால் என் தேர்வு பாதுகாப்பு அறிவுறுத்தல்.

இந்த அறிவு பழையதாகவும் ஆகும் என்பதை ஏஜென்ட்டிடம்தான் நேரில் கண்டேன். தேடும் கருவியை இணைக்காமல், லாக்ஃபோர்ஜே என்ற ஜாவா பதிவுத் தொகுப்பில் இருந்த பெரிய ஓட்டை பற்றிக் கேட்டேன். "2.15.0க்கு மாறினால் போதும்" என்றது. சிவிஇ-2021-44228க்கு 2021 டிசம்பரில் முதலில் வந்த திருத்தம் அதுதான், மறுப்பதற்கில்லை. ஆனால் அது முழுமையாக இல்லை என்று தெரிந்து சில நாளிலேயே சிவிஇ-2021-45046 வந்தது. முதலில் அதற்குப் பத்துக்கு 3.7 என்று கடுமை மதிப்பெண் இட்டார்கள். அப்புறம் அறிவுறுத்தலைத் திருத்தி 9.0 ஆக்கினார்கள். 2.16.0 வந்தது, 2.17.0 வந்தது, மாதம் முடிவதற்குள் 2.17.1ம் வந்தது. கருவியை இணைத்து மறுபடி கேட்டபோது இவ்வளவும் வரிசையாகக் கிடைத்தது. நினைவிலிருந்து பேசும்போது ஏஜென்ட், அறிவுறுத்தலின் ஏதோ ஒரு நாளைய வடிவத்தைத்தான் ஒப்பிக்கிறது. சில நேரம், இல்லவே இல்லாத சிவிஇ எண்ணையும் அதே உறுதியோடு சொல்லிவிடும்.

இப்போது என் ஏஜென்ட்டுக்கான குறிப்பில் சில வரிகள் நிரந்தரமாக இருக்கின்றன. அட்வைசரி என்றால் பாதுகாப்பு அறிவுறுத்தல், அலர்ட் என்றால் எச்சரிக்கை, மாற்றி எழுதாதே. ஒவ்வொரு அறிவுறுத்தலோடும் அது கடைசியாகத் திருத்தப்பட்ட நாளைச் சேர். தேடியதில் ஒன்றும் கிடைக்காவிட்டால் 'அறிவுறுத்தல் கிடைக்கவில்லை' என்று மட்டும் எழுது; 'ஓட்டை இல்லை' என்று எழுதாதே.